நிறமாகிப் போன பழம்

ஆங்கிலத்தில் ‘ஆரஞ்சு’ என்ற சொல் ஒரு நிறத்தின் பெயராக எழுத்தில் வந்ததற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று 1502-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மன்னர் ஏழாம் ஹென்றியின் மகள் மார்கரெட்டுக்கு வாங்கிய துணிமணிகளின் கணக்கு அது. கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்டுப் பத்து ஆண்டுகள் ஆன பிறகுதான் இந்த நிறத்துக்கென்று ஒரு தனிப்பெயர் ஆங்கில ஏட்டில் ஏறுகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை. இந்தத் தாமதம் விட்டுப்போன தழும்பை அந்த மொழியில் இன்றும் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பனி படிந்த கிளையில் உட்கார்ந்திருக்கும் ராபின் குருவியின் மார்பு அசல் ஆரஞ்சு. அதற்கு 15-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய பெயர் ‘செம்மார்பு’ என்று பொருள்படும் ரெட்பிரெஸ்ட். இங்கிலாந்தின் நரி சிவப்பு நரி, அணில் சிவப்பு அணில், கேரட் நிறத் தலைமுடி உள்ளவரின் முடி சிவப்பு முடி. இதைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். செவ்விளநீரின் மட்டையை ஒருமுறை உற்றுப் பாருங்கள், அதில் சிவப்பு எங்கே இருக்கிறது? செவ்வானம், செங்கல், செம்பட்டை முடி, செம்பருந்து என்று ‘செம்மை’யின் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் பாதிப் பொருள்கள் ஆரஞ்சின் பக்கம் சாய்ந்தவைதான். நிறப்பெயர் என்பது கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒட்டப்படும் சீட்டு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆரஞ்சின் கதை வேறொன்றைச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவது மட்டும் ஒரு நிறத்துக்குப் பெயர் வாங்கித் தந்துவிடாது. அந்த நிறத்தைத் தனியே எடுத்துப் பேச யாருக்காவது ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை கொடுத்தவர் மாறும்போதெல்லாம் சொல்லின் பொருளும் மாறும்.

அப்படியானால் 1502-க்கு முன் வாழ்ந்த ஆங்கிலேயருக்கு அந்த நிறம் தெரியவே இல்லையா என்ற கேள்வி எழும். இப்படிக் கேட்டவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளாட்ஸ்டன், ஹோமரைப் பற்றி 1858-இல் எழுதிய நூலில், பழங்கிரேக்கக் காவியங்களில் நிறச்சொற்கள் குறைவாக இருப்பதைக் கவனித்து, அக்கால மனிதரின் நிற உணர்வே முழுதாக வளர்ந்திருக்கவில்லை என்று முடிவு கட்டினார். கவனிப்பு கூர்மையானது, முடிவு தவறு. ஆரஞ்சின் விஷயத்திலேயே இதைக் காட்ட முடியும். பழைய ஆங்கிலத்தில் மஞ்சளுக்கான சொல்லையும் சிவப்புக்கான சொல்லையும் ஒட்டவைத்து ‘மஞ்சட்சிவப்பு’ என்று பொருள்படும் ஒரு கூட்டுச்சொல் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய காண்டர்பரி கதைகளில் ஒரு சேவல் கனவில் கண்ட நரியை வர்ணிக்கிறது. அந்த விலங்கின் நிறம் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்டது என்று அங்கே தெளிவாகவே சொல்லப்படுகிறது. பார்த்தவருக்குப் பார்வையில் குறையில்லை. ஒற்றைச் சொல்தான் இல்லை, அது இல்லாமலேயே காரியம் நடந்திருக்கிறது. இளநீர் வியாபாரிக்குப் பச்சை இளநீரிலிருந்து மற்றதைப் பிரித்துக் காட்டினால் போதும், அதற்குச் ‘செவ்’ என்ற முன்னொட்டு தாராளம். நரியைச் சொல்ல நரி என்ற பெயரே போதும். நிறத்தைப் பொருளிலிருந்து உரித்தெடுத்துத் தனியாகப் பேச வேண்டிய கட்டாயம் துணிக்கடைக்காரருக்கும் சாயக்காரருக்கும்தான் முதலில் வருகிறது. ஏனென்றால் துணி எந்த நிறத்தையும் ஏற்கும். எது வேண்டும் என்று வாங்குபவர் சொல்லியாக வேண்டும், விற்பவருக்கு அது புரிந்தாக வேண்டும். ஆங்கிலத்தின் முதல் ஆரஞ்சு ஒரு கவிதையில் அல்லாமல் துணிக் கணக்கில் கிடைப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழிலும் நுணுக்கமான நிறப்பெயர்களை இலக்கியத்தைவிடப் புடவைக் கடையில்தான் அதிகம் கேட்கலாம்: அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெங்காய நிறம், மாந்துளிர். ஒவ்வொன்றும் ஒரு பொருளிடமிருந்து இரவல் வாங்கியது.

ஆங்கிலம் இரவல் வாங்கிய பொருள் பழம். அந்தப் பழத்தின் பெயர் நம் வாசல் வழியாகப் போயிருக்கிறது. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நரஞ்ஹா, இத்தாலியத்தில் அரஞ்ச்சா, பழைய பிரெஞ்சில் ஒரெஞ்ச் என்று அது மேற்கே நடந்தது. சமஸ்கிருதச் சொல்லின் மூலம் திராவிட மொழிகளில் இருக்க வேண்டும் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. தமிழின் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் அதன் உறவினர்கள். கேரளத்தில் நாரங்ஙா வெள்ளம் கேட்டால் இன்றும் எலுமிச்சைச் சாறுதான் கையில் வரும். இதை வைத்துக்கொண்டு ‘உலகுக்கே ஆரஞ்சைத் தந்தவர்கள் நாம்’ என்று மார்தட்டுவதற்கு இடம் குறைவு. தென்னாட்டிலிருந்து போயிருப்பது புளிப்புக் காய்களுக்கான ஒரு பெயர். நிறத்தைப் பற்றிய எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. வழியில் எழுத்தும் உருமாறியது. ஆங்கிலத்தில் முதலில் ‘நோரஞ்ச்’ என்றுதான் இருந்தது, அதன் முன்னே வரும் ‘ஒரு’ என்ற பொருள் தரும் சிறுசொல் ‘ந’கரத்தை விழுங்கிவிட்டது என்று ஒரு விளக்கம் பல இடங்களில் சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுவல்ல. ஏப்ரன், ஆடர் பாம்பு, அம்பயர் ஆகிய சொற்களில் ஆங்கிலம் அப்படி நகரத்தைத் தொலைத்தது உண்மை. ஆரஞ்சில் அந்த இழப்பு ஆங்கிலக் கரையை எட்டுவதற்கு முன்பே இத்தாலியிலும் பிரான்சிலும் நடந்து முடிந்துவிட்டது. பிரெஞ்சில் ‘ஒர்’ என்றால் தங்கம், அந்த ஒலியின் இழுப்பும் சொல்லின் தொடக்கத்தை மாற்றியிருக்க வேண்டும். பழத்துக்குப் பொன் பூசும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். 1290-இல் ஸ்பெயினிலிருந்து போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் அரசி எலியனோர் 7 ஆரஞ்சுப் பழங்கள் வாங்கியதாகக் கணக்கு இருக்கிறது. எண்ணி வாங்கும் அளவுக்கு அரிய சரக்கு. அரபியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது கசப்பு வகை. இனிப்பு வகை 15-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கடுத்தும் போர்ச்சுகீசிய, ஜெனோவா வணிகர்களின் கையால் பரவியது. அதனால்தான் கிரேக்கம், துருக்கி, அரபு ஆகியவற்றில் அந்தப் பழத்தின் பெயரே போர்ச்சுகல் நாட்டின் பெயர். டச்சுக்காரர்களுக்கு அது சீன ஆப்பிள். ஒரே பழம், அதை விற்றவன் யார் என்பதைப் பொறுத்து வேறு வேறு பெயர்கள்.

பழத்தின் பெயர் நிறத்தின் பெயராக மாறியது ஏன் ஐரோப்பாவில், ஏன் அது பிறந்த வெப்பநாடுகளில் இல்லை? இதற்குத் தாவரவியல் ஒரு பங்கு விடை தருகிறது. ஆரஞ்சுப் பழத்தின் தோல் ஆரஞ்சு நிறம் கொள்வது பழுப்பதன் அடையாளம் அன்று. இரவுகள் குளிர்ந்தால்தான் தோலில் உள்ள பச்சையம் சிதைந்து, அடியில் இருக்கும் மஞ்சள், சிவப்புச் சாயல்கள் வெளிப்படும். குளிர் இல்லாத ஊர்களில் பழம் நன்றாகக் கனிந்து சாறு இனித்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். தாவரவியலார் ‘இனிப்பு ஆரஞ்சு’ என்ற இனத்தில் வைக்கும் பழம், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சாத்துக்குடி என்று விற்கும் பழமே. நாம் கமலா என்றும் ஆரஞ்சு என்றும் சொல்லும், தோல் எளிதாக உரியும் பழம் மாண்டரின் என்ற வேறு இனத்தைச் சேர்ந்தது. நாக்பூரின் குளிர்காலமும் குடகின் மலைக்குளிரும் அதற்கு நிறம் ஏற்றுகின்றன. ஆக, ஆங்கிலம் ஆரஞ்சு என்று அழைக்கும் அதே பழம் நம் கடைத் தள்ளுவண்டியில் இளம்பச்சைத் தோலோடு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்து யாருக்கும் ஒரு புதிய நிறப்பெயர் தோன்றியிருக்க முடியாது. கடைத்தெருவில் பச்சையாகக் கிடக்கும் காய்க்கு மணத்தாலும் புளிப்பாலும்தான் அடையாளம். மத்தியதரைக் கடலோரத்தில் குளிர்காலத்தில் அந்தப் பழம் சுடராக நிற்கிறது. அதையும் தாண்டி, மரமே பார்க்காத வடநாட்டாருக்கு அது பெட்டியில் வந்திறங்கும்போது வெறும் நிற உருண்டையாகத்தான் அறிமுகம். மரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் பிரிந்து வந்த பொருளே நிறத்தின் பெயராவதற்குத் தோதானது போலும்.

இங்கே அறிவியல் அறிந்த வாசகர் குறுக்கிடலாம். வானவில்லில் ஆரஞ்சு இருக்கிறதே, ஏறக்குறைய 590 முதல் 620 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளி அது, இதில் பழக்கடைக்கும் துணிக்கடைக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வானவில்லில் ஆரஞ்சு எப்படி இடம்பிடித்தது என்பதையும் பார்க்க வேண்டும். முப்பட்டகத்தில் ஒளியைப் பிரித்த ஐசக் நியூட்டன் முதலில் முதன்மையாக எண்ணியவை சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகிய ஐந்தே. பிறகு ஆரஞ்சையும் இண்டிகோவையும் அவற்றுக்குச் சமமாக உட்கார வைத்து ஏழாக்கினார். இசையின் ஏழு சுர இடைவெளிகளோடு நிறங்களையும் பொருத்திப் பார்க்கும் ஆசை அவருக்கு இருந்தது. 1704-இல் வெளிவந்த ஆப்டிக்ஸ் நூலில் அந்த ஒப்பீடு விரிவாகவே இருக்கிறது. பள்ளிப்பிள்ளைகள் இன்றும் ‘விப்ஜியார்’ என்று மனப்பாடம் செய்வது அந்தக் கணக்கைத்தான். அவர் புதிதாகச் சேர்த்த இரண்டு பெயர்களையும் பாருங்கள். ஒன்று நாரத்தையின் வழிவந்த பழம். மற்றது ‘இந்தியச் சரக்கு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த அவுரிச் சாயம். ஒளியின் கோட்டில் எங்கும் வேலி போட்டிருக்கவில்லை. சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு அது வழுக்கிக்கொண்டே போகிறது. வேலியை எங்கே நடுவது என்று நியூட்டன் முடிவு செய்தபோது, அவர் கையில் தயாராக இருந்த முளைக்குச்சிகள் வணிகக் கப்பல்கள் இறக்கிவிட்டுப் போனவை. அலைநீளம்தான் நிறம் என்ற வாதத்துக்குப் பழுப்பு நிறம் இன்னும் பெரிய தொல்லை கொடுக்கும். வானவில்லில் பழுப்பு கிடையாது. கைப்பேசித் திரையில் பழுப்பைக் காட்டுவதற்கென்று தனி ஒளிப்புள்ளியும் கிடையாது. சுற்றிலும் வெளிச்சம் இருக்க, நடுவில் ஒளி குறைந்த ஆரஞ்சை வைத்தால் அதையே கண் பழுப்பு என்று படிக்கிறது. ஒரே அலைநீளம், இரண்டு பெயர். செங்கல்லையும் செம்மண்ணையும் காபியையும் ஆரஞ்சின் பங்காளிகள் என்று சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள், ஆனால் இயற்பியல் அவற்றை ஒரே வீட்டில்தான் வைக்கிறது. அவற்றைப் பங்கு பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தது மொழி. உலக மொழிகளின் நிறச்சொற்களை ஒப்பிட்டு பெர்லினும் கேயும் 1969-இல் வெளியிட்ட ஆய்வு ஆங்கிலத்துக்கு 11 அடிப்படை நிறச்சொற்கள் என்று கணக்கிட்டது. பொருளின் பெயரை நிறத்துக்கு இரவல் தரும் சொற்களை ஐயத்துக்குரியவை என்று ஒதுக்க அவர்களிடம் ஒரு விதி இருந்தது. அந்த விதியை இறுக்கிப் பிடித்தால் ஆரஞ்சு வெளியே போக வேண்டும். மற்ற விதிகளில் தேறிவிட்டது என்று சொல்லி உள்ளே விட்டார்கள். நம் ‘மஞ்ச’ளும் அரைத்துப் பூசும் கிழங்கின் பெயர்தான் என்பதால் இந்தச் சிக்கல் தமிழ் வாசகருக்கு உடனே புரியும்.

இதுவரை சொன்னது பழத்தின் கதை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் அரசியல் சூடு பழத்திலிருந்து வந்ததே அல்ல. தெற்குப் பிரான்சில் ஒராஞ்ச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரவுசியோ. அது ஒரு கெல்டிய நீர்த்தெய்வத்தின் பெயர். அரவுசியோ தேய்ந்து தேய்ந்து ஒராஞ்ச் ஆனது, பழத்தின் பெயரும் தேய்ந்து தேய்ந்து அதே உருவத்துக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு வழிப்போக்கர்கள் ஒரே சத்திரத்தில் சந்தித்ததுபோன்ற தற்செயல். அந்த ஊரின் ஆட்சியுரிமை 1544-இல் நசாவு குடும்பத்து வில்லியமுக்கு வாரிசு வழியில் கிடைத்தது. அவர்தான் பின்னர் ஸ்பெயினுக்கு எதிராக டச்சுக்காரர்களின் விடுதலைப் போரை நடத்தியவர். ஊரின் பெயர் குடும்பத்தின் பட்டமாயிற்று, பட்டத்தின் ஒலி நிறத்தை நினைவூட்டியது, நிறம் கொடியில் ஏறியது. நெதர்லாந்தின் இன்றைய கொடியில் சிவப்பு, வெள்ளை, நீலம் மட்டுமே உண்டு. ஆனாலும் அரசர் பிறந்தநாளில் அந்தக் கொடிக்கு மேலே ஓர் ஆரஞ்சுப் பட்டையைக் கட்டுவார்கள், கால்பந்து ஆடும்போது நாடே ஆரஞ்சு உடுத்துகிறது. கேரட் ஆரஞ்சு நிறமானதே இந்த வில்லியமைக் கௌரவிக்க டச்சு விவசாயிகள் செய்த வேலை என்ற கதை உலகெங்கும் உலவுகிறது. டச்சு நாட்டில் அந்த வகை வளர்க்கப்பட்டது உண்மை, இளவரசருக்காகச் செய்தார்கள் என்பதற்குத்தான் சான்று இல்லை. அதே குடும்பத்தில் வந்த மூன்றாம் வில்லியம் 1689-இல் இங்கிலாந்தின் மன்னராகி, மறு ஆண்டு அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்சைத் தோற்கடித்தார். அந்த வெற்றியின் நினைவாக 1795-இல் ஆர்மா பகுதியில் புராட்டஸ்டன்டுகள் ஆரஞ்சுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வட அயர்லாந்தில் ஜூலை 12-ஆம் தேதி அதன் ஊர்வலங்கள் இன்றும் பதற்றத்தைக் கிளப்புபவை. அங்கே ஒருவரை ‘ஆரஞ்சுக்காரர்’ என்றால் அவர் சட்டையின் நிறத்தை யாரும் பார்க்கமாட்டார்கள், எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார் என்பதே செய்தி. அயர்லாந்தின் கொடியில் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே வெள்ளையை வைத்தது இரு தரப்பும் சமாதானமாக வாழட்டும் என்ற விருப்பத்தால். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றைச் செம்மண் கலங்கிய நீருக்காக அப்படி அழைக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றும். 1779-இல் ராபர்ட் கார்டன் என்ற டச்சுப் படையதிகாரி தன் இளவரசரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். இத்தனையும் ஓர் எழுத்து ஒற்றுமையால் நேர்ந்தவை. சொற்பிறப்பு என்ன சொன்னால் என்ன, மக்கள் அந்த இரண்டு ஆரஞ்சையும் ஒன்று என்று நம்பினார்கள், நம்பிக்கையின் பெயரில் கொடி பிடித்தார்கள், உயிரும் விட்டார்கள். பொருளைத் தீர்மானித்தது அந்த நம்பிக்கை.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க ஆசியாவுக்கு வந்தால் போதும். இந்தியக் கொடியின் மேல்பட்டையை ஆங்கிலத்தில் எழுதுபவர் எவரும் ஆரஞ்சு என்று எழுதுவதில்லை. அது சாஃப்ரன், குங்குமப்பூ நிறம். அரசு ஆவணத்தில் கேசரி. தமிழில் அதைக் காவி என்கிறோம், காவியோ ஒரு மண்ணின் பெயர். துணியை அளவுக்கருவியில் வைத்தால் அயர்லாந்துக் கொடியின் ஆரஞ்சுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியுமா? ஆங்கில நாளேடு ஒன்று பாரதிய ஜனதாவை ‘ஆரஞ்சுக் கட்சி’ என்று எழுதினால் படிப்பவர் திகைத்துப் போவார். துறவு, கோயில், தேசியம் ஆகியவற்றின் சுமையைச் சாஃப்ரன் சுமக்கிறது. ஆரஞ்சுக்கு அந்தத் தோள் இல்லை. இலங்கைக் கொடி இன்னும் நெருக்கமான உதாரணம். 1951-இல் சிங்கக் கொடியின் ஓரத்தில் இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டன: முஸ்லிம்களைக் குறிக்கப் பச்சை, தமிழர்களைக் குறிக்க மற்றொன்று. அந்த மற்றொன்றை ஆங்கிலத்தில் சிலர் ஆரஞ்சு என்கிறார்கள், சிலர் சாஃப்ரன் என்கிறார்கள். ஈழத்துத் தமிழில் அது செம்மஞ்சள். கொடியில் ஒரு சமூகத்துக்கு ஒதுக்கிய இடம் போதுமா என்ற கேள்வி அங்கே வேறு வகையில் பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டது, பட்டையின் பெயர் மட்டும் இன்னும் ஒரு தீர்வுக்கு வரவில்லை.

அரசியலிலிருந்து விலகி, வெறும் கண் தொடர்பான பயன்பாட்டில் ஆரஞ்சுக்கு இன்று கிடைத்திருக்கும் வேலை எச்சரிக்கை. கடலின் நீலத்துக்கும் வானின் நீலத்துக்கும் நேரெதிரான நிறம் என்பதால் உயிர்காப்பு அங்கிகள் ஆரஞ்சு. விமான விபத்துக்குப் பின் எல்லாரும் தேடும் கருப்புப் பெட்டிக்குப் பூசுவதும் பளிச்சென்ற ஆரஞ்சுதான். நிறச்சொல்லை நம்பிப் போனால் பெட்டி கிடைக்காது. சான்பிரான்சிஸ்கோவில் 1937-இல் திறந்த கோல்டன் கேட் பாலத்தின் நிறத்துக்கு ‘இன்டர்நேஷனல் ஆரஞ்சு’ என்று பெயர், பெயரில் தங்கம், பூச்சில் ஆரஞ்சு, பார்த்துவிட்டு வருபவர்களில் பலர் சொல்வது சிவப்புப் பாலம். நிறமே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் குடியேறியிருக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை காடுகளின் மேல் தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ அந்தப் பெயரைப் பெற்றது உள்ளிருந்த திரவத்தின் நிறத்தால் அன்று, பீப்பாயைச் சுற்றிப் போட்டிருந்த அடையாளப் பட்டையால். வெள்ளை, நீலம், ஊதா, பச்சை என்று பட்டைக்கொரு களைக்கொல்லி இருந்தது. ஆரஞ்சில் கலந்திருந்த டையாக்சின் நஞ்சு மனித உடல்களில் தங்கியது, அதனால் பெயரும் தங்கியது. வியட்நாமியருக்கு அந்த இரண்டு சொற்களில் பழமும் இல்லை, இளவரசரும் இல்லை. இவற்றோடு ஒப்பிட்டால் நம் வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை மிகவும் சாதுவானது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாள் தவறாமல் காதில் விழுகிற சொல் அது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. இந்த வரிசையில் ஆரஞ்சுக்குத் தனியாக எந்தக் குணமும் இல்லை. மஞ்சளைத் தாண்டியது, சிவப்பை எட்டாதது, அவ்வளவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலேயர் இரண்டு சொற்களை ஒட்டவைத்துச் சொன்ன ‘மஞ்சட்சிவப்பு’ இங்கே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் தமிழில் நாமும் ஆரஞ்சைக் கைவிட்டுச் செம்மஞ்சள் என்றே சொல்லலாமே என்று தமிழார்வலர்கள் கேட்பதில் பொருள் இருக்கிறது. இலங்கையில் அது செயற்கையாக ஒலிப்பதில்லை, அங்கே பள்ளிப்பாடத்திலேயே பழகிய சொல். பழத்துக்கும் அங்கே தோடம்பழம் என்று வேறு பெயர் இருப்பதால் நிறமும் பழமும் குழம்புவதில்லை. தமிழ்நாட்டிலும் கிச்சிலி என்ற பழைய பெயர் இருந்தது, இப்போது கேட்பது அரிதாகிவிட்டது. ஆனால் ஆரஞ்சை அந்நியச் சொல் என்று சொல்லி விரட்டுவதற்கு முன் அதன் பயணச்சீட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது. அது நம் தெற்கிலிருந்து புறப்பட்டு அரபிக்கடல், மத்தியதரைக்கடல், ஆங்கிலக் கால்வாய் மூன்றையும் தாண்டி, நகரத்தைத் தொலைத்து, நிறத்தைச் சம்பாதித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். ‘நம் சொல்தான்’ என்று அணைத்துக்கொள்ளவும் இது முழுக் காரணம் ஆகாது. பேரன் தாத்தாவின் சாயலில் இருக்கிறான் என்பதற்காக அவனைத் தாத்தா என்று அழைப்பதில்லை. என் தீர்ப்பு எளிமையானது. ஓவியத்திலோ ஜவுளியிலோ சாயலைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் செம்மஞ்சள் தன் பொருளைத் தானே விளக்கிவிடுகிறது, அங்கே அதுதான் சிறந்தது. மழை எச்சரிக்கையைப் போல எல்லாரும் ஒரே நொடியில் புரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் ஆரஞ்சு வேலை செய்கிறது, அதை அசைக்க வேண்டாம். காவியை மட்டும் இந்த இரண்டின் இடத்திலும் வைக்கக்கூடாது, அது இன்று ஏற்கெனவே முழுநேர வேலையில் இருக்கிறது.

பழத்தைப் பார்த்து நிறத்துக்குப் பெயர் வைத்த வழக்கம் பிறகு தலைகீழாகவும் திரும்பியது. புளோரிடாவின் வெப்பத்தில் கனிந்த ஆரஞ்சுகள் பச்சைத் தோலோடு சந்தைக்கு வந்தபோது அமெரிக்கர்கள் அவற்றைக் காய் என்று எண்ணித் தள்ளினார்கள். பழத்தை எத்திலீன் வாயுவில் வைத்துப் பச்சையை நீக்கும் முறை அதனால் பரவியது. அதுவும் போதாதென்று, ஆரஞ்சுப் பழத்தின் தோலுக்கு மட்டும் பூசுவதற்கு ‘சிட்ரஸ் ரெட் 2’ என்ற செயற்கைச் சாயத்தை அமெரிக்க அரசு 1956-இல் அனுமதித்தது. தமிழ்நாட்டில் சாத்துக்குடியை இன்னும் பச்சைத் தோலோடுதான் அடுக்கி வைக்கிறார்கள். வாங்குபவர்கள் கையில் எடுத்து எடை பார்க்கிறார்கள், லேசாக அழுத்திப் பார்க்கிறார்கள், நிறத்தை யாரும் கேட்பதில்லை.